பித்த அமிலம் மூளை நோய்க்கு மருந்தாவது எப்படி? ஸ்டீரால் 27-ஹைட்ராக்ஸிலேஸ் என்னும் நொதியின் பின்னணி

2025 பிப்ரவரி 21ஆம் நாள் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 'சிடெக்ஸ்லி' என்ற வணிகப் பெயர் கொண்ட மாத்திரைக்கு ஒப்புதல் அளித்தது. அதன் மூலப்பொருள் கீனோடியாக்ஸிகோலிக் அமிலம். நம் ஒவ்வொருவரின் கல்லீரலும் நாள்தோறும் தயாரித்துப் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்பும் பித்த அமிலங்களுள் அதுவும் ஒன்று. ஆனால் ஒப்புதல் தரப்பட்டது செரிமானக் கோளாறுக்கு அன்று. நடை தள்ளாடி, கால்கள் விறைத்து, நினைவும் அறிவும் மங்கிக்கொண்டே போகும் ஒரு பரம்பரை நோய்க்கு. செரிப்ரோடெண்டினஸ் சாந்தோமடோசிஸ் என்பது அந்நோயின் பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக சி.டி.எக்ஸ். என்பார்கள்.

செய்தியைப் படித்தவர்களுக்கு இயல்பாக எழும் ஐயங்கள் மூன்று:

1. கொழுப்பைச் செரிக்க உதவும் ஒரு பொருள் மூளையைக் காப்பது எப்படி?
2. குறைபாடு ஒரு நொதியில் இருக்கும்போது, நொதியைக் கொடுக்காமல் பித்த அமிலத்தைக் கொடுப்பது ஏன்?
3. உடலிலேயே உண்டாகும் எளிய பொருளுக்கு ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் யூரோ விலை வைக்கப்பட்டது எப்படி?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது. பித்த அமிலம் செரிமானத்துக்கான பொருள் மட்டுமன்று. தன் உற்பத்தியைத் தானே அளவிட்டு நிறுத்தும் சமிக்ஞையும் அதுவே. இந்த இரண்டாவது பணியைப் புரிந்துகொண்டால் நோயும் மருந்தும் ஒருசேர விளங்கும்.

பித்த அமிலங்கள் என்ன செய்கின்றன?

நாம் உண்ணும் எண்ணெயும் நெய்யும் நீரில் கரைவதில்லை. குடலில் உள்ள செரிமான நொதிகளோ நீர்ச்சூழலில் இயங்குபவை. எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரத்தில் சோப்பு செய்யும் வேலையைக் குடலில் பித்த அமிலங்கள் செய்கின்றன. அவற்றின் மூலக்கூறில் ஒரு பக்கம் நீரோடும் மறுபக்கம் கொழுப்போடும் ஒட்டும். அதனால் பெரிய கொழுப்புத் துளிகள் நுண்துளிகளாகச் சிதறி, செரிக்கவும் உறிஞ்சப்படவும் ஏற்றவையாகின்றன. கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடலில் சேர்வதற்கும் இதே உதவி தேவை.

இவற்றை உடல் கொலஸ்ட்ராலிலிருந்து தயாரிக்கிறது. கொலஸ்ட்ராலின் மையத்தில் உள்ள நான்கு வளையங்களை உடைத்து எரிபொருளாக்கும் ஆற்றல் மனித உடலுக்கு இல்லை. எனவே மிகுதியான கொலஸ்ட்ராலை வெளியேற்ற இரண்டு முக்கிய வழிகளே உள்ளன: அப்படியே பித்தநீரில் கலந்து அனுப்புவது, அல்லது பித்த அமிலமாக மாற்றி அனுப்புவது. ஒரு நாளில் ஏறத்தாழ அரை கிராம் கொலஸ்ட்ரால் இரண்டாவது வழியில் செலவாகிறது.

உடலில் எந்நேரமும் இருக்கும் பித்த அமிலத்தின் மொத்த இருப்பு இரண்டு முதல் நான்கு கிராம் அளவே. இவ்வளவு சிறிய இருப்பு ஒரு நாள் உணவு முழுவதற்கும் போதுமானதாக இருப்பதற்குக் காரணம் மறுசுழற்சி. சிறுகுடலின் கடைசிப் பகுதியை எட்டும் பித்த அமிலத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு மீண்டும் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தின் வழியே கல்லீரலுக்குத் திரும்புகிறது. மலத்தோடு போகும் சிறு பங்கை மட்டுமே கல்லீரல் புதிதாகத் தயாரித்து ஈடுசெய்கிறது.

மனிதக் கல்லீரல் நேரடியாகத் தயாரிக்கும் பித்த அமிலங்கள் இரண்டு: கோலிக் அமிலம், கீனோடியாக்ஸிகோலிக் அமிலம். இவை முதன்மைப் பித்த அமிலங்கள் எனப்படும். பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் இவற்றை மாற்றி உருவாக்கும் டியாக்ஸிகோலிக், லித்தோகோலிக் அமிலங்கள் இரண்டாம் நிலைப் பித்த அமிலங்கள். இக்கட்டுரை முழுவதும் பேசப்படவிருப்பது கீனோடியாக்ஸிகோலிக் அமிலத்தைப் பற்றியே. இனி அதைக் கீனோ அமிலம் என்று சுருக்கியே குறிப்பிடுகிறேன்.

ஸ்டீரால் 27-ஹைட்ராக்ஸிலேஸ்: வாலைத் திருத்தும் நொதி

கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக்கும் பணி ஒரே நொதியால் முடிவதன்று. பதினைந்துக்கும் மேற்பட்ட நொதிகள் செல்லின் வெவ்வேறு அறைகளில் இருந்துகொண்டு அடுத்தடுத்துச் செய்வது. நொதி என்பது ஒரு குறிப்பிட்ட வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம். அந்தப் புரதத்தை ஆக்கும் மரபணு பழுதானால் அந்தப் படி மட்டும் நின்றுபோகும். அதற்கு முன்னுள்ள பொருள்கள் தேங்கும், பின்னுள்ளவை கிடைக்காமற்போகும்.

கொலஸ்ட்ரால் மூலக்கூறில் 27 கரி அணுக்கள் உள்ளன. அவற்றுள் எட்டு, வளையங்களிலிருந்து நீளும் பக்கச்சங்கிலியைச் சேர்ந்தவை. அதை மூலக்கூறின் வால் எனலாம். பித்த அமிலத்திலோ 24 கரி அணுக்களே உண்டு. ஆக, இரண்டு வகை மாற்றங்கள் நிகழ வேண்டும். வளையங்களில் நீரோடு ஒட்டக்கூடிய ஹைட்ராக்ஸில் தொகுதிகள் சேர வேண்டும். வாலில் மூன்று கரி அணுக்கள் வெட்டப்பட்டு, முனையில் அமிலத் தொகுதி அமைய வேண்டும்.

வளைய மாற்றத்தைத் தொடங்கிவைப்பது கொலஸ்ட்ரால் 7-ஆல்ஃபா-ஹைட்ராக்ஸிலேஸ் என்னும் நொதி. இதற்கான மரபணு சிஒய்பி7ஏ1. மொத்த உற்பத்தியின் வேகத்தை நிர்ணயிப்பதும் இதுவே. வால் மாற்றத்தைத் தொடங்கிவைப்பதுதான் நம் கட்டுரையின் நாயகமான ஸ்டீரால் 27-ஹைட்ராக்ஸிலேஸ். இதற்கான மரபணு சிஒய்பி27ஏ1, இரண்டாம் குரோமோசோமில் உள்ளது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் அமர்ந்திருக்கும் இந்நொதி, வாலின் நுனியிலுள்ள கரி அணுவில் முதலில் ஆக்சிஜனைச் சேர்த்து ஹைட்ராக்ஸில் தொகுதியாக்குகிறது. பிறகு அதையே மேலும் ஆக்சிஜனேற்றம் செய்து அமிலமாக்குகிறது. இந்த முன்தயாரிப்பு முடிந்த பின்னரே மூலக்கூறு பெராக்சிசோம் என்னும் வேறோர் அறைக்குச் சென்று, மூன்று கரி அணுக்களை இழந்து 24 அணுக்களாகச் சுருங்குகிறது. கடைசியாக கிளைசின் அல்லது டாரின் என்னும் அமினோ அமிலத்தோடு இணைந்து பித்தநீருக்குள் செல்கிறது.

இந்நொதி இரண்டு வழிகளில் பங்கேற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்:

1. முதன்மை வழி: கல்லீரலில் சிஒய்பி7ஏ1 வளையத்தை மாற்றிய பிறகு, சிஒய்பி27ஏ1 வாலைத் திருத்துகிறது. பித்த அமிலத்தின் பெரும்பகுதி இவ்வழியில் உருவாகிறது.
2. மாற்று வழி: சிஒய்பி27ஏ1 முதலிலேயே கொலஸ்ட்ராலின் வாலைத் திருத்திவிட, பின்னர் சிஒய்பி7பி1 என்ற வேறொரு நொதி வளையத்தை மாற்றுகிறது. நுரையீரல், ரத்தக்குழாய் உட்சுவர், மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் எனக் கல்லீரலுக்கு வெளியிலும் இதன் முதல் படி நிகழ்கிறது.

இடையில் சிஒய்பி8பி1 என்ற நொதி வளையத்தின் 12ஆம் இடத்தில் ஒரு ஹைட்ராக்ஸிலைச் சேர்த்தால் கிடைப்பது கோலிக் அமிலம்; சேர்க்காவிட்டால் கிடைப்பது கீனோ அமிலம். நோயைப் புரிந்துகொள்ள இந்தச் சிறு வேறுபாடு பின்னர் தேவைப்படும்.

உற்பத்தியை நிறுத்தும் சமிக்ஞை

பித்த அமிலங்கள் அளவுக்கு மிஞ்சினால் செல்சவ்வுகளையே கரைத்துவிடக் கூடியவை. ஆகவே உடல் அவற்றின் உற்பத்தியை மிகக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்துகிறது. இக்கட்டுப்பாட்டின் மையத்தில் எஃப்எக்ஸ்ஆர் என்னும் ஏற்பி இருக்கிறது. செல்லின் உட்கருவில் இருந்துகொண்டு, தன்னோடு ஒரு குறிப்பிட்ட மூலக்கூறு வந்து இணையும்போது சில மரபணுக்களை முடுக்கவும் சிலவற்றை அடக்கவும் வல்ல புரதம் இது. அதனோடு இயல்பாக இணையும் மூலக்கூறுகள் பித்த அமிலங்களே என்பது 1999இல் தெரியவந்தது. அவற்றுள்ளும் மிக வலுவாக அதைத் தூண்டுவது கீனோ அமிலம்.

கல்லீரலில் கீனோ அமிலம் போதுமான அளவு சேர்ந்தவுடன் எஃப்எக்ஸ்ஆர் தூண்டப்பட்டு, சிஒய்பி7ஏ1 மரபணு அடக்கப்படுகிறது. சிறுகுடலின் கடைப்பகுதியிலும் இதே ஏற்பி தூண்டப்பட்டு, எஃப்ஜிஎஃப்19 என்னும் ஹார்மோன் ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குச் சென்று அதே மரபணுவை அடக்குகிறது. இறுதியில் உருவாகும் பொருள் தொடக்கப் படியின் நொதியைக் கட்டுப்படுத்தும் இத்தகைய அமைப்பைப் பின்னூட்டக் கட்டுப்பாடு என்கிறோம்.

நொதி பழுதானால் நடப்பது

சிஒய்பி27ஏ1 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதான ஒருவரின் உடலில் நிகழ்வனவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம்.

1. வால் திருத்தம் தடைப்படுவதால் கீனோ அமிலம் ஏறத்தாழ முற்றிலும் உருவாகாமற்போகிறது.

2. ஆனால் கோலிக் அமிலம் ஓரளவு உருவாகிறது. 12ஆம் இடத்தில் ஹைட்ராக்ஸில் பெற்ற இடைப்பொருள்களின் வாலை, மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே உள்ள வேறு நொதிகள் 25ஆம் கரி அணுவில் மாற்றி, சுற்றுவழியாகக் கோலிக் அமிலமாக்கிவிடுகின்றன. பிறந்த குழந்தை பெரும்பாலும் உயிரோடு வளர்வதும், நோய் பல ஆண்டுகள் மறைந்திருப்பதும் இச்சுற்றுவழியால்தான். இன்று உயிரைக் காக்கும் இந்த வழியே நோயறிதலைத் தாமதப்படுத்தவும் செய்கிறது.

3. கீனோ அமிலம் இல்லாததால் எஃப்எக்ஸ்ஆர் போதிய அளவு தூண்டப்படுவதில்லை. உடலில் பித்த அமிலம் பற்றாக்குறை என்று 'கருதும்' கல்லீரல், சிஒய்பி7ஏ1 நொதியை இயல்பைவிடப் பலமடங்கு மிகுதியாக இயக்குகிறது. கொலஸ்ட்ரால் தொடர்ந்து உற்பத்தி வழிக்குள் தள்ளப்படுகிறது. வழியின் மறுமுனையோ அடைபட்டிருக்கிறது.

4. நடுவில் இடைப்பொருள்கள் தேங்குகின்றன. அவற்றுள் முக்கியமானது மருத்துவ எழுத்துகளில் சி4 என்று குறிக்கப்படும் ஸ்டீரால் (ஸ்டீரால் என்பது கொலஸ்ட்ரால் குடும்பத்து மூலக்கூறுகளின் பொதுப்பெயர்). இதிலிருந்து கொலஸ்டனால் என்னும் பொருள் உருவாகிறது. மற்ற இடைப்பொருள்கள் பித்த ஆல்கஹால்களாக மாறி, கல்லீரலில் சர்க்கரை போன்ற குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைந்து குளுக்குரோனைடுகளாகி, சிறுநீரில் பெருமளவு வெளியேறுகின்றன.

கொலஸ்டனாலுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. கொலஸ்ட்ராலின் வளையத்தில் இருக்கும் ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு கொலஸ்டனாலில் இல்லை. அவ்விடத்தில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் கூடுதலாக உள்ளன. நலமுள்ளவர்களின் ரத்தத்திலும் இது மிகச் சிறிய அளவில் இருக்கும். சி.டி.எக்ஸ். நோயாளிகளிடம் இது பல மடங்கு, பெரும்பாலும் ஐந்து முதல் பத்து மடங்கு, உயர்ந்து, ஆண்டுக்கணக்கில் தசைநாண்களிலும் கண்வில்லையிலும் மூளையிலும் படிகிறது.

இந்நோயின் குழப்பம் தரும் கூறு ஒன்று உண்டு. நோயாளியின் ரத்தக் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் இயல்பாகவோ குறைவாகவோ இருக்கும். குதிகாலுக்கு மேல் கொழுப்புக் கட்டி கண்ட மருத்துவர் லிப்பிட் பரிசோதனை, அதாவது ரத்தக் கொழுப்புப் பரிசோதனை, எழுதித் தருகிறார். முடிவு இயல்பாக வருகிறது. விசாரணை அங்கேயே நின்றுவிடுகிறது.

மூளைக்குள் எப்படி நுழைகிறது?

ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு, கொலஸ்ட்ராலை உள்ளே விடுவதில்லை. மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது. கொலஸ்டனாலும் அத்தடுப்பை எளிதில் கடப்பதில்லை. அப்படியிருந்தும் நோயாளிகளின் மூளையில் அது குவிந்து கிடப்பது ஏன் என்ற கேள்விக்குச் சுவீடனின் இங்கெமார் பியோர்க்கெம் உள்ளிட்டோரின் ஆய்வுகள் விடை தந்தன. கல்லீரலில் தேங்கும் சி4 தடுப்பை எளிதாகக் கடக்கிறது. மூளைக்குள் சென்ற பின் அங்குள்ள செல்களால் கொலஸ்டனாலாக மாற்றப்படுகிறது. உள்ளே போவது முன்பொருள், படிவது விளைபொருள்.

எம்.ஆர்.ஐ. படங்களில் சிறுமூளையின் ஆழத்தில் இருபுறமும் உள்ள டென்டேட் உட்கருக்கள் என்னும் நரம்புச் செல் திரள்களில் மாற்றங்கள் தெரிவது இந்நோயின் அடையாளங்களுள் ஒன்று. நடையின் சமநிலையைக் காப்பது சிறுமூளை என்பதால், தள்ளாட்டம் ஏன் முன்னணி அறிகுறியாகிறது என்பதும் விளங்கும்.

எலிகளில் இதே மரபணுவை நீக்கிப் பார்த்தபோது மனித நோய் தோன்றவில்லை என்பது ஆய்வாளர்களை வியக்கவைத்தது. எலியின் கல்லீரல் தேங்கும் இடைப்பொருள்களை வேறு நொதிகளால் திறமையாக அப்புறப்படுத்திவிடுகிறது. எனவே இந்நோயைப் பற்றிய அறிவில் பெரும்பங்கு நோயாளிகளையே பல ஆண்டுகள் கவனித்துத் திரட்டப்பட்டதாகும்.

வயதுக்கேற்ப வெளிப்படும் அறிகுறிகள்

சி.டி.எக்ஸ். நோயின் துயரம் அதன் அறிகுறிகள் சிதறிக் கிடப்பதில் இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வயதில், வேறு உறுப்பில் தோன்றுவதால், ஒவ்வொன்றையும் வேறு துறை மருத்துவர் தனித்தனியாகப் பார்க்கிறார்.

பிறந்த சில வாரங்களில் சிலருக்கு நீடித்த மஞ்சள் காமாலை வரும். பெரும்பாலும் தானே தணிந்துவிடும். குழந்தைப் பருவத்தில் விளக்கமற்ற நாள்பட்ட வயிற்றுப்போக்கு தொடங்கும். பெற்றோர் பாலை நிறுத்திப் பார்ப்பார்கள், கோதுமையை நிறுத்திப் பார்ப்பார்கள், பூச்சி மருந்து கொடுப்பார்கள், பலன் இராது. பத்து வயதை ஒட்டியோ பதின்ம வயதிலோ இரு கண்களிலும் புரை விழும். கண் மருத்துவர் அறுவைசிகிச்சை செய்து பார்வையை மீட்டுத் தருவார். பள்ளியில் படிப்பு மந்தமாகும். சிலருக்கு வலிப்பு வரும். இருபதை ஒட்டிக் குதிகாலின் பின்புறத் தசைநாணில் வலியற்ற, திண்ணென்ற வீக்கம் தோன்றும். முழங்கை, முழங்கால், கை விரல்களின் தசைநாண்களிலும் வரலாம். அதன்பின் கால் விறைப்பு, தள்ளாட்டம், பேச்சுக் குழறல், மனநல மாற்றங்கள், இறுதியில் மறதிநோய். எலும்பு மெலிவும் இளவயது இதய நோயும் சிலரிடம் சேர்ந்துகொள்ளும்.

எல்லோருக்கும் எல்லாமும் வருவதில்லை. தசைநாண் வீக்கமே இல்லாத நோயாளிகளும் உண்டு. நோய் கண்டறியப்படும் சராசரி வயது பல ஆய்வுகளில் முப்பதைத் தாண்டியே இருந்துவருகிறது. அதாவது முதல் அறிகுறிக்கும் சரியான பெயருக்கும் இடையே இருபது ஆண்டுகள் போல வீணாகின்றன. குழந்தைக்கு நீண்ட நாள் வயிற்றுப்போக்கும் இரு கண்களிலும் புரையும் சேர்ந்து இருந்தால், அந்தச் சேர்க்கை ஒன்றே இந்நோயைத் தேடுவதற்குப் போதிய காரணம். குழந்தை மருத்துவரிடம் கண் அறுவைசிகிச்சையையும், கண் மருத்துவரிடம் வயிற்றுப்போக்கையும் பெற்றோர் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கீனோ அமிலம் மருந்தான விதம்

நோயை 1937இல் பெல்ஜியத்தின் லூடோ ஃபான் போகார்ட்டும் உடன் ஆய்வாளர்களும் விவரித்தார்கள். 1968இல் படிவது கொலஸ்டனால் என்று ஜான் மென்கெஸ் குழுவினர் காட்டினார்கள். நோயாளிகளின் பித்தநீரில் கீனோ அமிலம் அரிதாக இருப்பதை 1970களின் தொடக்கத்தில் ஜெரால்ட் சேலன் கண்டார். 1991இல் டேவிட் ரஸ்ஸல் குழுவினர் மரபணுப் பிறழ்வை இனங்கண்டார்கள்.

ஆனால் சிகிச்சை மரபணுவுக்காகக் காத்திருக்கவில்லை. கீனோ அமிலம் ஏற்கெனவே மருந்துக்கடையில் இருந்தது. பித்தப்பைக் கற்களைக் கரைக்க அது 1970களில் பயன்படுத்தப்பட்டது. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 1981இல் வெளிவந்தபோது, நாளொன்றுக்கு 750 மில்லிகிராம் வீதம் இரண்டு ஆண்டுகள் உட்கொண்டவர்களில் 13.5 விழுக்காட்டினருக்கே கற்கள் முழுமையாகக் கரைந்திருந்தன. கல் நோய்க்கு அது சுமாரான மருந்து. சி.டி.எக்ஸ். நோய்க்கோ அதே அளவுதான் வாழ்வைத் திருப்பித் தந்தது.

1984இல் பெர்கினர், சேலன், ஷெஃபர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் 17 நோயாளிகளுக்கு நாள்தோறும் 750 மில்லிகிராம் தரப்பட்டது. ரத்தத்தில் கொலஸ்டனால் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. மறதிநோய் இருந்தவர்களில் பத்துப் பேருக்கு அது விலகியது. பலருக்கு நடைக் கோளாறு குறைந்தது. காரணம் இப்போது தெளிவாகியிருக்கும். வெளியிலிருந்து வரும் கீனோ அமிலம் எஃப்எக்ஸ்ஆர் ஏற்பியைத் தூண்டி, கட்டுக்கடங்காமல் ஓடிக்கொண்டிருந்த சிஒய்பி7ஏ1 நொதியை அடக்குகிறது. இடைப்பொருள் உற்பத்தி குறைகிறது, சி4 குறைகிறது, கொலஸ்டனால் குறைகிறது. பழுதான நொதி பழுதாகவே இருக்கிறது. ஆனால் அதன் முன்னால் வந்து குவியும் வரத்து நின்றுவிடுகிறது. செல்லுக்குள், அதிலும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில், ஒரு நொதியை வெளியிலிருந்து கொண்டுபோய்ப் பொருத்துவதைவிட, அந்நொதியின் விளைபொருளை வாய்வழி கொடுப்பது எவ்வளவோ எளிது.

நம்மிடையே பலரும் அறிந்த மருந்து உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம். கர்ப்பகால அரிப்புக்கும் கல்லீரல் நோய்களுக்கும் பித்தப்பைக் கல்லுக்கும் அது எழுதித் தரப்படுகிறது. மலிவான, பாதுகாப்பான அதையே ஏன் தரக்கூடாது என்று கேட்கலாம். அதன் அமைப்பு கீனோ அமிலத்தின் அமைப்பேதான். 7ஆம் இடத்திலுள்ள ஹைட்ராக்ஸில் மட்டும் எதிர்ப்புறம் நோக்கியிருக்கிறது. அந்த ஒரு திசைமாற்றத்தால் அது எஃப்எக்ஸ்ஆர் ஏற்பியைத் தூண்டுவதில்லை; கொலஸ்டனாலும் குறைவதில்லை. பித்த அமிலத்தின் செரிமானப் பணி வேறு, சமிக்ஞைப் பணி வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கொலஸ்டைரமின் போன்ற, குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகள் இந்நோயில் தீங்கு செய்யக்கூடியவை. இருக்கும் சொற்பச் சமிக்ஞையையும் அவை பறித்துவிடும். தசைநாண் வீக்கத்தைப் பரம்பரைக் கொலஸ்ட்ரால் மிகை என்று தவறாகக் கருதினால் ஏற்படக்கூடிய ஆபத்து இது.

கீனோ அமிலத்திற்கும் எல்லை உண்டு. அது கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் கல்லீரல் பரிசோதனைகள் தொடர்ந்து தேவை. அழிந்துபோன நரம்புச் செல்களை அது மீட்டுத் தராது. வயிற்றுப்போக்கு விரைவில் நிற்கும்; புதிய படிவுகள் தடுக்கப்படும்; ஆனால் முப்பது வயதைக் கடந்து, நரம்பு பாதிப்பு முற்றிய பின் தொடங்கினால் பலருக்கு நோய் தொடர்ந்து மோசமாவதையே ஆய்வுகள் காட்டுகின்றன. மருந்து ஒன்றுதான், பலனைத் தீர்மானிப்பது தொடங்கும் வயது.

விலையைப் பற்றிய வழக்குகள்

பித்தப்பைக் கல்லுக்குச் சிறந்த மருந்துகளும் அறுவைசிகிச்சையும் வந்தபின் கீனோ அமிலத்தின் சந்தை சுருங்கியது. எஞ்சியவர்கள் சி.டி.எக்ஸ். நோயாளிகளே, ஒரு நாட்டுக்குச் சில பத்துப் பேர். நெதர்லாந்தில் நடந்தது ஆவணங்களில் தெளிவாகப் பதிவாகியுள்ளது. 2008 வரை அங்கு 100 கேப்சூல் கொண்ட ஒரு பெட்டியின் விலை ஏறத்தாழ 46 யூரோ. உரிமையைப் பெற்ற லீடியன்ட் நிறுவனம் விலையைப் படிப்படியாக உயர்த்தியது. 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இதே பொருள் அரிய நோய் மருந்தாகப் பதிவு பெற்று, பத்தாண்டு தனிச் சந்தை உரிமையும் கிடைத்தபின், பெட்டியின் விலை 14,000 யூரோ ஆனது. ஒரு கேப்சூல் 140 யூரோ, நாளொன்றுக்கு மூன்று, ஓர் ஆண்டுக்கு 1,53,300 யூரோ.

அரிய நோய் மருந்துகளுக்கான தனி உரிமைச் சட்டத்தின் நோக்கம் நியாயமானது: சிலருக்காக மட்டும் புதிய மருந்தை உருவாக்க எந்த நிறுவனமும் தயங்கும் என்பதால் ஓர் ஊக்கம் வேண்டும். ஆனால் இங்கே மருந்து புதியதன்று. அது இந்நோய்க்குப் பயன்படும் என்ற கண்டுபிடிப்பும் பழையது. 2018இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக மருத்துவமனையின் மருந்தகம் தன் நோயாளிகளுக்காகத் தானே கேப்சூல் தயாரிக்கத் தொடங்கியது. மூலப்பொருளின் தூய்மை பற்றிய சிக்கலால் இடையில் நிறுத்தி, பின்னர் மீண்டும் தொடர்ந்தது. 2021இல் நெதர்லாந்தின் நுகர்வோர் மற்றும் சந்தை ஆணையம், விலை அளவுகடந்தது என்று கூறி ஏறத்தாழ 1.95 கோடி யூரோ அபராதம் விதித்தது. அடுத்த ஆண்டு இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் போட்டி ஆணையங்களும் அதே நிறுவனத்துக்கு அபராதம் விதித்தன.

அமெரிக்காவில் 2025இல் தரப்பட்ட ஒப்புதலை இப்பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும். அங்கே கீனோ அமிலம் 1983 முதலே பித்தப்பைக் கல்லுக்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது, சி.டி.எக்ஸ். நோயாளிகள் அதைப் பல பத்தாண்டுகளாக அதிகாரபூர்வ ஒப்புதலின்றியே உட்கொண்டு வந்தார்கள். புதிதாக நடந்தது, மருந்தில்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்ட கட்டுப்பாடான சோதனையில் கொலஸ்டனாலும் சிறுநீரின் பித்த ஆல்கஹாலும் குறைவது உறுதிப்படுத்தப்பட்டதே. இந்நோய்க்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து என்ற தகுதி அதற்குக் கிடைத்திருக்கிறது.

கண்டறிவதும் குடும்பத்தைச் சோதிப்பதும்

வழக்கமான லிப்பிட் பரிசோதனையால் கொலஸ்டனாலைக் கொலஸ்ட்ராலிலிருந்து பிரித்தறிய முடியாது. வாயுக் குரோமடோகிராஃபி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் போன்ற கருவிகள் உள்ள ஆய்வகத்தில் கொலஸ்டனாலைத் தனியாக அளக்கும்படி மருத்துவர் எழுதித் தர வேண்டும். சிறுநீரில் பித்த ஆல்கஹால்களை அளப்பதும், சிஒய்பி27ஏ1 மரபணுவை வாசிப்பதும் உறுதிப்படுத்தும் வழிகள். பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு துளி உலர்ந்த ரத்தத்திலேயே பித்த ஆல்கஹால் குளுக்குரோனைடை அளந்து நோயை அறியலாம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

தாய், தந்தை இருவரும் பழுதான பிரதியை ஒவ்வொன்று சுமந்திருந்தால் மட்டுமே குழந்தைக்கு நோய் வரும்; ஒரு பிரதி மட்டும் பழுதான பெற்றோர் நலமாகவே இருப்பார்கள். மொராக்கோ வழி யூதர்களிடம் இப்பழுது கூடுதலாகக் காணப்படுவது நெடுங்காலமாக அறியப்பட்டது. இந்தியாவிலும் நோயாளிகள் பதிவாகியுள்ளனர். அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று முறைக்குள் மணம் செய்யும் வழக்கம் மிகுந்த தமிழ்நாட்டில், ஒரே மூதாதையரிடமிருந்து வந்த பழுதான பிரதி கணவன், மனைவி இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே உறவுமுறைத் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு மேற்சொன்ன அறிகுறிகள் சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் அத்திருமண உறவையும் மறைக்காமல் சொல்வது நோயறிதலுக்கு உதவும்.

ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அறிகுறி எதுவும் தோன்றாத தம்பிக்கும் தங்கைக்கும் அதே வாரத்தில் கொலஸ்டனால் பரிசோதனை செய்துவிட வேண்டும். கீனோ அமிலத்தால் முழுப் பலன் பெறக்கூடியவர்கள் இன்னும் நலமாக ஓடியாடிக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளைகளே.